பதினேழு தகரம்

பொர்பாலா என்று சொல்லித்தான் பஸ்ஸை விட்டு இறங்கினாள்.
ஒரு பிளேன் டீ குடித்து முடிப்பதற்குள்
பொகவந்தலாவை அவளைப் பாலா ஆக்கிவிட்டது.
ஊர் ஹங்கேரி.
அது எங்க இருக்கு என்று நஸ்வர் கேட்டதற்கு
கடலே இல்லாத நாடு என்று கையால் காட்டினாள்.
"அப்ப நம்மள மாதிரிதான்" என்றான் அவன்,
ஹட்டன் போகும் கடைசி பஸ்ஸைப் பார்த்தபடி.

மூடிக்கிடந்த ஸ்டோரின் மேல்மாடி,
கொழுந்து வாட்டிய நீள அறை,
மூன்று மாதத்துக்கு அவளுக்கு.
வயரிங் எனக்கு. நாள் கூலி, பகல் சோறு.
என்ன செய்யப்போறீங்க என்றேன்.
"லைட்" என்றாள்.
அதைத்தானே நானும் இருபது வருஷமாய்ச் செய்கிறேன்,
ஹோல்டரைத் திருகி, பியூஸைக் கட்டி.
எவனும் என்னைக் கலைஞன் என்றதில்லை.

தேயிலைப் பெட்டியின் ஈயத்தாள்,
வெடித்த உரப்பை, கிழிந்த படங்கு,
டிராக்டர் கண்ணாடியின் நொறுங்கல்,
எல்லாம் சேர்த்தாள். போதவில்லை.
ஒரு மத்தியானம் லயத்துப் பக்கம் வந்து
கூரைகளை அண்ணாந்து பார்த்தே நடந்தாள்,
சாணியை மிதித்ததும் தெரியாமல்.

துருப்பிடித்த தகரம் வேண்டுமாம்.
ஓட்டை விழுந்ததாய் இருக்கவேண்டுமாம்.
ஒன்று கொடுத்தால் புதிது ஒன்று.
இதுல ஏதோ இருக்கு என்றார் மருதவீரன் கங்காணி.
மறுநாள் பெரட்டுக்கு முன்னாலேயே
அவர் வீட்டில்தான் முதல் ஏணி போட்டேன்.

பதினேழு தகரம்.
எந்தக் காம்பரா, எந்த மூலை என்று
ஒவ்வொன்றின் முதுகிலும் சோக்கால் எழுதச் சொன்னாள்.
தாரும் சவர்க்காரமும் வைத்து
நாங்கள் அடைத்த ஓட்டைகளை
ஆணியால் குத்திக் குத்தித் திறந்தாள்.
எனக்குப் பொறுக்கவில்லை.
ஆனாலும் ஆணியைப் பிடித்துக் கொடுத்தேன்.

திறப்பு நாளில் கொழும்பிலிருந்து இரண்டு வேன்.
கழுத்தில் மஃப்ளர், கையில் போன்.
லயத்துச் சனம் பின்னால், சுவரோரம்.
சுவிட்சைப் போட்டேன்.
தலைக்கு மேலே தொங்கிய தகரங்களுக்கும் மேலே
ஈயத்தாளில் பட்டு விளக்குகள் எரிய,
தரையில் புள்ளி புள்ளியாய் ஏதோ.
இவ்வளவுதானா என்றிருந்தது.

அப்போது உடைந்த ஜன்னல் வழியே
யாரும் கூப்பிடாமல்
வழக்கம்போல் உள்ளே வந்தது பனிமூட்டம்.
ஒவ்வொரு ஓட்டையிலிருந்தும் ஒரு கயிறு,
வெள்ளையாய், நேராய், தரைவரைக்கும்.
விட்டுவிட்டு விழாத மழை.

யோகமலர் மட்டும் நடந்து போய்
ஒரு தகரத்துக்கு அடியில் நின்றாள்.
சோக்கு எழுத்தை அவள் பார்க்கவில்லை.
"இது எங்க வீட்டுது.
பெருசு ஒண்ணு, கிட்டக்க சின்னதா மூணு,
அந்தாண்ட கோணலா ஒண்ணு.
சின்னவன் வயித்துல இருந்தப்ப
ராத்திரியெல்லாம் எண்ணிக்கிட்டுக் கெடந்தேன்."

பிறகுதான் கவனித்தேன்.
கொழும்பு ஆட்கள் வெளிச்சத்துக்குள் நின்றார்கள்,
முகத்தை நீட்டி நீட்டி.
எங்கள் ஆட்கள் எல்லாம்
கயிற்றுக்கும் கயிற்றுக்கும் நடுவில்
கால் ஒதுக்கி நின்றார்கள்.
சொல்லிக்கொடுத்து வந்ததில்லை அது.

யோகமலரின் சின்னவன் ஓடிப்போய்
மூலையில் கிடந்த பெயின்ட் வாளியை இழுத்துவந்து
பெரிய ஓட்டைக்கு நேரே வைத்தான்.
வாளியில் வெளிச்சம் விழுந்தது.
சத்தமே இல்லை.
குனிந்து உள்ளே பார்த்தான் பையன்,
எவ்வளவு நிரம்பியிருக்கிறதென்று.

ஏன் என்று பாலா என்னிடம் கேட்டாள்.
"லீக்" என்றேன்.
அதற்கு மேல் என்னிடம் இங்கிலீஷ் இல்லை.
அவள் வாளியை எடுக்கச் சொல்லவில்லை.
மறுநாள் வரும்போது இன்னும் பதினாறு வாளி
வாங்கி வரச் சொன்னாள்.
நஸ்வர் கடையில் பதினொன்றுதான் இருந்தது.

அன்றிரவு நல்ல மழை.
விடிந்ததும் பாலா லயத்துக்கு வந்து
யோகமலரின் புதுத் தகரத்தைக் காட்டி
பழையதைத் திருப்பித் தரட்டுமா,
அது இல்லாமல் என்னவோபோல் இருக்கிறதா என்று
என்னைக் கேட்கச் சொன்னாள்.
கேட்டேன்.
யோகமலர் பாயை உதறிக் காட்டினாள்.
காய்ந்த பாய்.
பிறகு வேண்டவே வேண்டாம் என்று சொன்னதை
முழுசாய் மொழிபெயர்த்துவிட்டேன்.
"நோ" என்ற சொல் எனக்குத் தெரியும்.